முப்பத்தைந்து வயது, மூன்று ஏக்கர், ஏழு வருடப் பெண் தேடல்

கேள்வி: நான் 1990-இல் பிறந்தவன். சேலம் மாவட்டம் ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஊரிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மூன்று ஏக்கர் நிலம், கிணறு, நான்கு கறவை மாடு இருக்கின்றன. செலவு போக மாதம் 35,000 நிற்கும். கெட்ட பழக்கம் கிடையாது. தங்கைக்கு 25 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்துவிட்டோம். ஏழு வருடமாக எனக்குப் பெண் பார்க்கிறார்கள். எனக்குச் செவ்வாய் தோஷம் இருப்பதால் தோஷ ஜாதகமாக வேண்டும், எங்கள் சமூகத்தில், சுற்றுவட்டத்தில், என்னைவிட நாலைந்து வயது குறைந்த பெண்ணாக வேண்டும் என்கிறார் அம்மா. பெண் வீட்டார் “மாப்பிள்ளை பெங்களூர்ல இல்லையா?” என்று கேட்டுவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பேராசை” என்கிறார் சித்தப்பா. ஒரு புரோக்கர் ஒன்றரை லட்சம் கொடுத்தால் வெளிமாநிலத்திலிருந்து பெண் கொண்டுவருவதாகச் சொல்கிறார். விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். குறை என்னிடமா, என் தலையெழுத்தா?

அன்புள்ள தம்பிக்கு,

குறையா, தலையெழுத்தா என்று இரண்டை மட்டும் வைத்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டிலும் அடங்காது. நீங்கள் எந்த வருடம் எந்த மாவட்டத்தில் பிறந்தீர்கள், உங்கள் பகுதியில் நிலம் யார் பெயருக்குப் போகிறது, யார் யாரைக் கட்டலாம் என்று யார் வகுத்தது என்பதிலெல்லாம் உங்கள் கல்யாணம் சிக்கியிருக்கிறது.

1959-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் ஒரு கணக்கு சொன்னார். ஒரு லட்சம் பேர் உள்ள நகரத்தில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அவருடைய திறமை, குணம், வாய்ப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம். ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் குறை தேடுவதில் பயன் இல்லை. கல்யாணத்துக்கும் இதையே சொன்னார்: ஆயிரம் தம்பதிகளில் 250 பேர் முதல் நான்கு வருடங்களில் பிரிகிறார்கள் என்றால், அது அந்த 250 வீட்டுச் சண்டை மட்டும் அல்ல. ஒருவர் வாழ்க்கையையும் அவரைச் சுற்றியுள்ள வரலாற்றையும் சேர்த்துப் பார்க்கிற இந்தத் திறனுக்குச் சமூகவியல் கற்பனை என்று பெயர். படிக்க எளிதாக இருக்கும். சொந்த வலி என்று வரும்போது, எண்ணிப் பார்க்காமல் இது கைவராது. அதனால் முதல் வேலை எண்ணுவது.

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் எடுத்த குரூப் போட்டோ இருந்தால் எடுங்கள். இல்லை என்றால் கூடப் படித்த இரண்டு பேரை உட்காரவைத்துப் பெயர்ப் பட்டியல் போடுங்கள். பத்தாம் வகுப்புப் போட்டோ உதவாது. அதற்குள் சில பெண்கள் மகளிர் பள்ளிக்கு மாறியிருப்பார்கள், சிலரை வீட்டில் நிறுத்தியிருப்பார்கள், அங்கே ஆண்கள் அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் வேறாகிவிடும். ஐந்தாம் வகுப்பில் ஊர்ப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் இருந்திருப்பார்கள். ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெயர், ஆணா பெண்ணா, கல்யாணமான வயது, இப்போது செய்யும் வேலை, இருக்கும் ஊர். கல்யாணம் ஆகாதவர்களை மட்டும் எண்ணுவதுதான் இதில் வழக்கமாக நடக்கிற பிழை. “எங்க ஊர்ல இருபது பேர் இப்படித்தான் இருக்காங்க” என்பது ஆறுதலுக்கு ஆகும், கணக்குக்கு ஆகாது. எத்தனை பேரில் இருபது? ஆனவர்களையும் எழுதினால்தான் நீங்கள் பத்தில் ஒருவரா, மூன்றில் ஒருவரா என்று தெரியும். ஊரைவிட்டுப் போனவர்களை விட்டுவிடாதீர்கள். போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் கல்யாண வயதில் என்ன வித்தியாசம் என்பதுதான் அந்தப் பட்டியலில் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது.

போட்டோவில் பெண்கள் குறைவாக இருந்தால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நாற்பது பிள்ளைகளில் நான்கைந்து பேர் கூடக்குறைய வருவது சாதாரணம். எனவே அடுத்ததாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். கணக்கெடுப்புத் துறையின் இணையதளத்திலும் மாவட்டக் கையேடுகளிலும் ஊர்வாரியான அட்டவணை இலவசமாகவே கிடைக்கிறது. 0 முதல் 6 வயது வரை ஆண், பெண் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெண்ணை ஆணால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். தனி ஊரை மட்டும் பார்க்காமல் உங்கள் வட்டம் முழுவதையும் கூட்டிப் பாருங்கள், அப்போதுதான் எண் நிலைக்கும்.

மாவட்ட அளவில் வந்த எண் இது. 1991-இல் நடந்த கணக்கெடுப்பில் நீங்களும் கைக்குழந்தையாக எண்ணப்பட்டீர்கள். அப்போது தமிழ்நாடு முழுவதும் 1000 ஆண் குழந்தைகளுக்கு 948 பெண் குழந்தைகள். சேலம் மாவட்டத்திலோ 850-ஐ ஒட்டித்தான். உங்கள் வீட்டில் பார்க்கிற பெண்கள் 1994, 95-இல் பிறந்தவர்கள். அவர்கள் குழந்தைகளாக எண்ணப்பட்டது 2001-இல். மாநிலத்தில் 942, சேலத்தில் 851. பக்கத்துத் தருமபுரியில் அதைவிடக் கீழே, 826. இயற்கையில் ஆயிரம் ஆணுக்கு 950 பெண்ணாவது பிறக்கும். ஆக, உங்கள் அம்மா தேடுகிற வயதில் இருந்திருக்க வேண்டிய பெண்களில் பத்தில் ஒருத்தி இல்லை. சிலரைப் பிறந்த சில நாட்களிலேயே கொன்றார்கள். சிலரை ஸ்கேனில் பார்த்துப் பிறக்கவே விடவில்லை. பெற்றோர் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் அரசு சேலத்தில் தொடங்கியது இதனால்தான். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் வந்து 1996 ஜனவரியில்தான் அமலானது. 2011-இல் சேலத்தின் எண் 910-ஐத் தாண்டிவிட்டது என்பது உண்மை. ஆனால் அந்த முன்னேற்றம் அப்போது பிறந்த பிள்ளைகளுக்குத்தான், 1990-இல் பிறந்தவருக்கு எட்டாது.

இதன்மேல் இன்னொன்றும் சேர்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மூன்றுக்கு மேல் குழந்தைகள் என்று 1980-களின் தொடக்கத்தில் இருந்தது, 1993 வாக்கில் இரண்டை ஒட்டி இறங்கிவிட்டது. குடும்பம் சுருங்கியது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் பிறக்கிற பிள்ளைகள் முந்தைய வருடத்தைவிடக் குறையும்போது, ஐந்து வயது இளைய பெண்ணைத்தான் கட்ட வேண்டும் என்ற வழக்கம் இருந்தால் என்ன ஆகும்? கணக்குக்காக, பிறப்பு வருடத்துக்கு 2 சதவீதம் குறைகிறது என்று வையுங்கள். ஐந்து வருடத்தில் சுமார் 10 சதவீதம் குறையும். ஆயிரம் ஆண்களுக்கு எதிரே ஏற்கெனவே 850, அதிலும் பத்தில் ஒன்று போனால் 770-ஐ ஒட்டி. மிச்சம் 230 பேர் காணாமல் போவதில்லை. அடுத்த வருடம் மாப்பிள்ளை வயதுக்கு வரும் ஆயிரம் பேரோடு சேர்ந்து அதே பெண்களுக்காக நிற்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் நிற்பவருக்கு முன்னால் இருபத்தெட்டு வயதுக்காரரும் நிற்கிறார். ஏழு வருடமாக இடம் அமையவில்லை என்பதில் ஒரு பங்கு, இப்படி வருடா வருடம் நீண்டுகொண்டே போன வரிசைதான்.

இனி உங்கள் குடும்பத்துக்கே வருவோம். ஒரு பெரிய தாளில் மூன்று தலைமுறை வரையுங்கள், ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா பாட்டி, அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். இறந்த குழந்தைகளையும் கேட்டு வாங்கிக் கோடு குறுக்காகப் போட்டுக் குறியுங்கள். பாட்டி வயதில் இருப்பவர்களிடம் மெதுவாக, தனியாகக் கேளுங்கள். எல்லோர் முன்னாலும் கேட்டால் பதில் வராது. வரைந்த பிறகு உங்களுக்கு முறைப்பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள்: தாய்மாமன் மகள்கள், அத்தை மகள்கள்.

வீட்டுக்கு ஐந்து பிள்ளைகள் என்று இருந்த காலத்தில் அம்மாவுக்கு நான்கு உடன்பிறப்பு, அதில் இரண்டு அண்ணன் தம்பி. அப்பாவுக்கு இரண்டு அக்கா தங்கை. நான்கு வீடு, வீட்டுக்கு இரண்டரைப் பெண் என்றால் சராசரியாகப் பத்து முறைப்பெண்கள். வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஆகிவிட்டால் அம்மாவுக்கு ஒரே உடன்பிறப்பு, அது ஆணாக இருக்கப் பாதி வாய்ப்பு. அப்பா பக்கமும் அப்படியே. சராசரியாக ஒரு வீடு, அதில் ஒரு பெண். பத்து ஒன்றாகிவிட்டது. அந்த ஒருத்தியும் உங்களைவிட மூத்தவராக இருக்கலாம், சொந்தத்தில் வேண்டாம் என்று டாக்டர் பேச்சைக் கேட்டு ஒதுங்கியிருக்கலாம். உங்கள் தாத்தாவுக்குப் பெண் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, வீட்டுக்குள்ளேயே பேசி முடித்தார்கள். வெளியே போய் அந்நியரிடம் தன்னை நிரூபிக்கிற வேலை உங்கள் தலைமுறைக்குத்தான் இந்த அளவில் வந்திருக்கிறது. தாத்தாவின் சாமர்த்தியத்தோடு உங்களை யாராவது ஒப்பிட்டால் இந்தத் தாளைக் காட்டுங்கள்.

அடுத்தது ஜாதகம். நம்பிக்கையைப் பற்றி நான் வாதம் செய்யவில்லை, எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். பன்னிரண்டு வீட்டில் ஐந்து. விதிவிலக்குகளைப் பார்க்காமல் விட்டால் பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்குத் தோஷம் வரும். சந்திரனிலிருந்தும் எண்ணினால் மூன்றில் இரண்டு பேருக்கு வந்துவிடும். இத்தனை பேருக்கு இருப்பதை அபூர்வமான குறையாக நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் தோஷத்துக்குத் தோஷம்தான் வேண்டும் என்று பிடித்தால், ஆயிரம் ஜாதகத்தில் 417 மிஞ்சும். ரஜ்ஜுப் பொருத்தத்தில் 27 நட்சத்திரமும் ஐந்து பிரிவு, ஒரே பிரிவில் இருவரும் இருந்தால் கழித்துவிடுவார்கள். அதில் ஐந்தில் ஒன்று போகும், மிச்சம் 333. மற்றப் பொருத்தங்களில் பாதி கழிந்தால் 167. வீட்டைப் பார்க்காமல், ஆளைப் பார்க்காமல், ஆறில் ஐந்து பேர் காகிதத்திலேயே போய்விடுகிறார்கள். பெண்கள் நிறைய இருந்த காலத்தில் இந்தச் சல்லடையை ஒரு குடும்பம் தாங்கியது. உங்கள் மாவட்டத்தில் உங்கள் வயதில் அதற்கு இடமே இல்லை.

சாதி வேலி இதைவிட உயரமானது. 2011-12-இல் இந்தியா முழுவதும் நடந்த ஒரு பெரிய குடும்ப ஆய்வில் சாதி மாறி நடந்த கல்யாணங்கள் சுமார் 5 சதவீதம்தான். நீங்கள் உங்கள் சமூகத்தின் பெயரை எழுதியிருந்தீர்கள், நான் எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் கணக்கு இப்படியேதான் வரும். சமூகத்துக்குள்ளும் ஒரே குலதெய்வம், ஒரே கூட்டம் (குலப்பிரிவு) என்றால் பங்காளி முறை என்று கழிகிறது. ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவு என்றும் ஒரு எல்லை. ஒவ்வொன்றும் தனியாக நியாயமாகத்தான் தோன்றும். பெருக்கிப் பார்க்கும்போதுதான் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று தெரியும்.

இப்போது பெண் வீட்டார் பக்கம். இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள், உங்கள் சித்தப்பா சொன்ன ‘பேராசை’க்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. மூன்று ஏக்கரும் கிணறும் இருக்கிற நீங்கள் சராசரிக்கு மேலே. இருந்தும் உங்களைவிடக் குறைந்த சம்பளத்தில் பெங்களூரில் இருப்பவருக்கு முடிந்துவிடுகிறது. ஏன்? அந்த மூன்று ஏக்கரில் வரப்போகிற பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று அவள் இடத்தில் இருந்து பாருங்கள். நிலம் உங்கள் அப்பா பெயரில், பிறகு உங்கள் பெயரில். அவளுடைய பிறந்த வீட்டு நிலம் அவள் அண்ணன் பெயரில். மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் திருத்தப்பட்டது, 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. ஆனால் நடப்பு என்ன? உங்கள் தங்கைக்கு 25 பவுன் போட்டீர்களே, அதன் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினீர்களா? உங்கள் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் அது ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடுகிற வேலை. இரண்டு வீட்டிலும் நிலம் இல்லாத பெண்ணுக்கு நிலம் பாதுகாப்பு இல்லை. மாதம் ஒன்றாம் தேதி வருகிற சம்பளம், டவுனில் ஒரு வாடகை வீடு, தனக்கும் ஒரு வேலை கிடைக்கிற தூரம், இவைதான் அவளுக்குப் பாதுகாப்பு.

மாடு நான்கு என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெண் வீட்டார் அதைப் படிக்கிற விதம் வேறு. ஒரு கறவை மாட்டுக்கு நாளுக்கு இருபது கிலோவுக்கு மேல் பசுந்தீவனம். நான்குக்கு எண்பது கிலோ அறுத்துக் கட்டிச் சுமந்து வர வேண்டும். விடிவதற்கு முன் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை, சாணி, தொட்டித் தண்ணீர், சொசைட்டிக்குப் பால். தீபாவளிக்கும் லீவு கிடையாது. இன்று அதை யார் செய்கிறார்? உங்கள் அம்மா. அவருக்குப் பிறகு யார் செய்வார் என்று கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். உங்கள் பக்கத்துப் பெண்கள் இப்போது கல்லூரி வரை படிக்கிறார்கள். 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், அகில இந்திய அளவில் ஆண் பெண் சேர்த்தே 28.4 தான். பி.காம். முடித்த பெண் இந்த வேலைப் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தயங்குவதை ஆசை என்றும் சொல்ல முடியாது, பேராசை என்றும் சொல்ல முடியாது. அவள் நிலைமையைச் சரியாகக் கணித்திருக்கிறாள்.

இங்கே நீங்கள் விட்டுவிடக் கூடாத தொடர்பு ஒன்று உண்டு. பெண் பிறந்தால் நகை போட வேண்டும், நிலம் வெளியே போகக் கூடாது, சாதிக்குள் மாப்பிள்ளை தேட வேண்டும் என்ற அதே விதிகள்தான் அன்று பெண் குழந்தையைச் சுமை ஆக்கின. அதனால்தான் பெண்கள் குறைந்தார்கள். அதே விதிகள்தான் இன்று இருக்கிற பெண்களுக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கின்றன. கோபம் வந்தால் அது பெண்கள் மேல் போக நியாயமே இல்லை. இழப்பில் மிகப் பெரியது அவர்களுடையது.

இந்தப் பார்வையைக் கற்றுக்கொள்கிறவர்கள் வேறு ஒரு பக்கமும் சறுக்குவார்கள். எல்லாம் சமூகத்தின் குற்றம் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. மாவட்டத்தின் எண் உங்களுக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லும், உங்களுக்கு நடக்குமா நடக்காதா என்று சொல்லாது. உங்கள் ஐந்தாம் வகுப்புப் பட்டியலிலேயே ஊரில் இருந்துகொண்டு கல்யாணமானவர்கள் இருப்பார்கள். அவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை மாற்றினார்கள் என்று போய்க் கேளுங்கள். பிறந்த வருடத்தை மாற்ற முடியாது. வீட்டுக்குள் இருக்கிற விதிகளில் சிலவற்றை மாற்றலாம்.

எதை முதலில் மாற்றுவது? எந்த நிபந்தனையை எடுத்தால் அதிகம் பேர் உள்ளே வருவார்கள் என்ற வரிசையில் போங்கள். முதலில் ஜாதகம். பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஆளைப் பார்த்துப் பிடித்த பிறகு பார்ப்பது என்று வரிசையைத் திருப்புங்கள். விதிவிலக்கு சொல்கிற ஜோதிடர்களும் இருக்கிறார்கள், அம்மாவின் மனம் ஆற அது போதும். அடுத்தது வயது. நாலைந்து வயது குறைவு என்றால் இரண்டு மூன்று பிறந்த வருடங்கள்தான் உங்களுக்குக் கிடைக்கின்றன. இரண்டு வயது மூத்தவர் முதல் ஏழு வயது இளையவர் வரை என்றால் பத்து வருடங்கள். முப்பதைத் தாண்டிய பெண்களில் பெரும்பாலோருக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், உண்மைதான். ஆனால் அந்த வயதில் தேடிக்கொண்டிருப்பவர்களைப் பலர் பார்ப்பதே இல்லை. கணவரை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள், தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தான் நின்றுவிட்டவர்கள் அவர்களில் உண்டு. குழந்தையோடு வருபவரை ஏற்க முடியுமா என்று உங்களை நீங்களே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் போய்ப் பார்க்காதீர்கள், அவரை இன்னொரு முறை காயப்படுத்த வேண்டாம். சாதி தாண்டுவது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதையும் நீங்களே யோசிக்க வேண்டும். தாண்டத் துணிந்தால், வரும் பெண்ணுக்கு உங்கள் ஊரில் ஆபத்து இல்லாமல் பார்க்கிற பொறுப்பும் உங்களுடையது.

அதன் பிறகு, பெண்ணுக்கு நீங்கள் தரப்போகிற வாழ்க்கையை எழுதுங்கள். வரன் பதிவில் “சொந்த நிலம், நல்ல குடும்பம்” என்று எல்லோரும் போடுகிறார்கள். நீங்கள் இப்படிப் போடலாம்: “ஓமலூர் அருகே சொந்த லேத் பட்டறை, மாதம் 35,000. மாடுகளை நானும் கூலியாளும் பார்த்துக்கொள்கிறோம். மனைவி வேலைக்குப் போகலாம். சேலத்துக்குப் பஸ் வசதி உண்டு. வரதட்சணை வேண்டாம்.” எழுதியதை முதலில் உண்மையாக்கிவிட்டுப் போடுங்கள். நான்கு மாட்டை இரண்டாக்குவது, கறக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வது, சமையலறையில் உங்களுக்கும் ஒரு வேளைப் பொறுப்பு, இவையெல்லாம் பெண் கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் நடக்காது. மூன்று மாதம் முன்னதாகவே ஆரம்பியுங்கள், அம்மாவுக்கும் இடுப்பு வலி குறையும். வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பட்டறைத் தொழிலில் மாதா மாதம் ஏறி இறங்கும் என்பது தெரிந்ததுதான், கடந்த பன்னிரண்டு மாத வங்கி வரவைச் சராசரி போட்டுச் சொன்னால் நம்புவார்கள். தங்கை கையெழுத்துப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், அவருக்கு ஒரு பங்கு எழுதுவது பற்றி அப்பாவிடம் பேசுங்கள்.

புரோக்கர் விஷயத்தில் என் கருத்து தெளிவானது: ஒன்றரை லட்சம் கொடுக்காதீர்கள். பெண் குறைந்த ஹரியானாவில் இது பல வருடங்களாக நடக்கிறது. வந்து சேர்கிற பெண்ணுக்குப் பாஷை தெரியாது, பிறந்த வீடு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஊரில் அவளை “விலைக்கு வாங்கினவள்” என்பார்கள். அவளை அனுப்பும் வீட்டில் சம்மதம் யாருடையது, பணம் யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியாது. வயதும் தெரியாது. பதினெட்டு முடியாத பெண் என்றால் 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் இரண்டு வருடம் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு, போக்சோ வழக்கு தனி. வெளிமாநிலப் பெண்ணைக் கட்டுவதே தவறு என்று சொல்லவில்லை. தெரிந்த குடும்பம் வழியாக வரட்டும், நீங்கள் அவர் ஊருக்கு இரண்டு முறையாவது போங்கள், அவரோடு தனியாக, இருவருக்கும் தெரிந்த ஒரு பாஷையில் பேச முடிய வேண்டும், பள்ளி மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைப் பாருங்கள். எந்தக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டின் 2009 சட்டம் சொல்கிறது. பதிவு வேண்டாம் என்று சொல்கிற இடைத்தரகர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தாதீர்கள். ஆள் நடமாட்டத்திலிருந்து ஒதுங்கியவருக்கு வரன் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள், அதைவிட முக்கியமாக உங்களுக்குப் பேச ஆள் இல்லாமல் போகும். “இன்னும் ஆகலையா?” என்று கேட்பவருக்கு விளக்கம் தர வேண்டியதில்லை. “பார்த்துட்டிருக்கோம், தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க, வயசும் ஜாதகமும் பிரச்சினை இல்ல” என்றால் போதும். கேலி பேச வந்தவருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி ஆகும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், 104 என்ற அரசு உதவி எண்ணுக்கும் அழைத்துப் பேசலாம்.

கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வயதான காலத்துக்கு ஒரு ஏற்பாடு வேண்டும். உங்கள் அம்மாவின் அவசரத்தில் பாதி அந்தக் கவலைதான்: “எனக்குப் பிறகு இவனுக்கு யார்?” பட்டறை வருமானத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்குள் சேர வேண்டும், 60-க்குப் பிறகு மாதம் 1,000 முதல் 5,000 வரை கிடைக்கும். உங்களுக்கு இன்னும் ஐந்து வருடம்கூட இல்லை, சேமிப்புக் கணக்கு இருக்கிற வங்கிக் கிளையிலேயே சேரலாம். பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கொண்டு போங்கள். படிவத்தில் நாமினி பெயர் கேட்பார்கள். இப்போதைக்குத் தங்கை பெயரைக் கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்.